உயிரோடு இருந்தவளுக்குப் போட்ட மாலை

பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு படம் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நீங்கள் அதை இறக்கித் தூசி தட்டி, "யாருப்பா இது? அழகா இருக்காங்க" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா பெரியவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அவள் உங்களை அடித்து நீங்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த அறை எனக்கு விழ வேண்டியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் கிளாஸோடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை, எல்லாம் நடந்தபடியே.

கல்யாணமான புதிதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால், நான் லால்குடி லைனில் பஸ் கண்டக்டர். ஸ்ரீரங்கத்தில் வடக்குப் பக்கம், கொள்ளிடம் போகிற வழியில் ஒரு சந்து. அதில் ஒரே அறையில் குடித்தனம். எனக்குச் சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலை கிடையாது. படம் பார்க்கிற பைத்தியம் மட்டும் உண்டு. சினிமாவைச் சொல்லவில்லை. கையால் வரைந்த படங்கள். ட்யூட்டி இல்லாத நாளில் மொட்டைக் கோபுரத்தடியில் பெருமாள் படம் விற்கிற கடைகளில் ஆரம்பிப்பேன். அங்கிருந்து டவுனுக்குப் போய்ப் பெரிய கடை வீதி, தெப்பக்குளம், மெயின்கார்டு கேட் என்று ஒவ்வொரு படக்கடையாக ஏறி இறங்குவேன். போட்டோ ஸ்டுடியோ வாசலில் கலர் தீட்டிய கல்யாண ஜோடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள், அதையும் விடமாட்டேன்.

தெப்பக்குளத்துப் பக்கம் பிரேம் போடுகிற கடைக்காரர் ஒருத்தர். என்னைக் கண்டாலே உள்ளே குரல் கொடுப்பார். "டேய், கண்டக்டர் வந்துட்டாரு, கண்ணாடியெல்லாம் தொடைச்சு வைங்கடா. பார்த்துட்டுப் போவாரு. பார்த்தா தேய்ஞ்சா போயிடும்?"

எனக்கு உறைக்காது. அப்படி ஒரு பைத்தியம்.

உங்கள் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போவேன். ஒரு காலேஜில் பிள்ளைகள் வரைந்த படங்களைச் சுவரில் குத்தி, பிடித்ததை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். ஒரு பையன் வரைந்த கொள்ளிடப் பாலம் ஒன்று வாங்கினேன். அப்படி மணல், அப்படி வெயில். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்த உங்கள் அம்மா, "ஏங்க, வாங்குறதுதான் வாங்குனீங்க, தண்ணி ஓடுற ஆத்தை வாங்கியிருக்கக் கூடாதா?" என்றாள். அப்போதெல்லாம் அவள் அப்படித்தான் பேசுவாள். சிரிக்காமல் சொல்லி என்னைச் சிரிக்க வைப்பாள்.

ஒருநாள் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அவளே கேட்டாள்.

"செத்தவங்களை வரைஞ்சு தருவாங்களாமே, நெசமா?"

"போட்டோ குடுத்தா வரைவாங்க."

"போட்டோ இல்லைன்னா?"

அவளுடைய அக்காவைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. உங்கள் பெரியம்மா. அம்மா இல்லாத பிள்ளையாக உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, சோறூட்டி வளர்த்தது அவர்தான். வையம்பட்டியில் கட்டிக்கொடுத்து, முதல் பிரசவத்தில் போய்விட்டார். உங்கள் அம்மாவுக்கு அப்போது பத்து வயசு. போட்டோ என்று ஒன்று எடுத்ததே இல்லை. வருஷா வருஷம் அந்தத் திதியில் குத்துவிளக்குக்கு முன்னால் ஒரு புதுப் புடவையை வைத்துப் படைப்பாள். சுமங்கலியாகப் போனவர் என்பதால் அந்தப் புடவையைப் புருஷன் உள்ள ஒரு பெண்ணுக்குக் கொடுத்து, இலை போட்டுச் சோறும் போட வேண்டும். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

"முகம் மறந்துகிட்டே வருதுங்க," என்றாள். "பின்னல் ஞாபகம் இருக்கு. வளையல் சத்தம் ஞாபகம் இருக்கு. முகத்தை நெனைச்சா பாதிதான் வருது. இன்னும் ரெண்டு வருஷம் போனா அதுவும் போயிடும்."

குளத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். அழவில்லை. நான்தான் பெரிய படம் தெரிந்தவனாயிற்றே. வா என்று எழுந்தேன்.

எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருத்தர் பக்கத்துச் சந்தில் மாடியில் இருந்தார். என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட. நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதுவார், சோடாக் கடைக்குப் போர்டு எழுதுவார். "இதெல்லாம் டீக்குத்தான் ஆவும். செத்தவங்கதான் எனக்குச் சோறு போடுறாங்க" என்பார். வாய் கொஞ்சம் அதிகம்.

போட்டோ இல்லை என்றதும் என்னைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு உங்கள் அம்மா முன்னால் உட்கார்ந்தார்.

"கண்ணு பெருசா, சின்னதா?"

"பெருசு."

"எல்லாரும் பெருசுன்னுதான் சொல்லுவாங்க. புருவம் சேர்ந்திருக்குமா?"

"சேர்ந்து... இல்ல. சேராது."

"மூக்கு?"

உங்கள் அம்மா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "என்னுது மாதிரி இல்ல."

அவர் வரைந்து காட்டினார். இது இல்லை என்றாள். இன்னொன்று வரைந்தார். இதுவும் இல்லை. நாலு தாள் கசங்கியதும் அவர் பென்சிலைக் கீழே போட்டார்.

"அம்மா, கூடப் பொறந்த உங்களுக்கே தெரியாத மூஞ்சியை நான் எந்தக் கடையில போயி வாங்கிட்டு வர்றது?"

அதற்குத்தான் அவள் அழுதாள். அழுகிற முகத்தை எங்களுக்குக் காட்டாமல் மூலைக்குத் திரும்பினாள். அந்த மூலையில் ஏழெட்டுப் படங்கள் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தன. ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நாலாவது படத்தைத் திருப்பியவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

இருபது இருபத்திரண்டு வயசுப் பெண். பச்சைப் புடவை, கையில் ஒரு ரோஜாப் பூ. மேலுதட்டுக்கு மேலே பொடிசாய் ஒரு தழும்பு.

"அக்கா மாதிரியே இருக்குங்க," என்றாள். பிறகு, "தழும்பு மட்டும் கெடையாது. மத்தது எல்லாம் அக்காதான்."

அவளைப் படத்தோடு விட்டுவிட்டு ஓவியர் என்னை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சொன்னதை நான் இன்றுவரை உங்கள் அம்மாவிடம் முழுசாகச் சொன்னதில்லை. முசிறிப் பக்கத்து வாழைத்தார் வியாபாரி ஒருவன் பெண்டாட்டி போட்டோவைக் கொடுத்து எழுதச் சொன்னானாம். எழுதி முடிப்பதற்குள் அவளைத் துரத்திவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அதோடு விட்டானா? புதுசாக வந்தவள் போட்டோவை எடுத்துக்கொண்டு வந்து, "புடவை, பூவெல்லாம் அப்படியே இருக்கட்டும், மூஞ்சியை மட்டும் அழிச்சிட்டு இவ மூஞ்சியைப் போட்டுடுங்க" என்றானாம்.

"நான் போர்டு எழுதுறவன்தான். பழைய பேரை அழிச்சுப் புதுப் பேரு எழுதுவேன். இதை மாட்டேன்னுட்டேன்," என்றார் ஓவியர். "எடுத்துட்டுப் போங்க. பிரேமுக்கு மட்டும் குடுங்க, போதும். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அந்தம்மா எங்கேயோ உசிரோட இருக்கு. வீட்டுல அழகுக்கு மாட்டுங்க. மாலை மட்டும் போட்டுடாதீங்க. வேற படம் ஆரம்பிச்சுத் தரேன், கொஞ்சம் நாளாவும்னு வீட்டுல எடுத்துச் சொல்லுங்க."

சரி என்றேன். படியேறி உள்ளே போனேன். உங்கள் அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

வீட்டில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். மறுநாள் ட்யூட்டி முடிந்து வந்து பார்க்கிறேன், கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, செவந்தி மாலை போட்டு, கீழே விளக்கு ஏற்றியிருக்கிறாள். உயிரோடு இருக்கிறவருடைய படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அன்றைக்குச் சாப்பிட்டேன்.

ஆறேழு மாசம் போயிருக்கும். பக்கத்துக் குடித்தனத்து அம்மா, "அது என்ன உதட்டு மேல தழும்பு?" என்று கேட்டாள்.

"அதா? கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டா. நான் கைக்குழந்தை. என்னை இடுப்புல வச்சிருந்தாளாம், நான் அடிபடக் கூடாதுன்னு என்னைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு இவ மூஞ்சியைக் கல்லுல குடுத்துட்டா," என்றாள் உங்கள் அம்மா.

சொல்லும்போது கண் கலங்கியது. பொய் சொல்கிறவளா அவள்? நிஜமாகவே அப்படி நடந்ததாகத்தான் நினைத்திருக்கிறாள். தழும்பு மட்டும் கிடையாது என்று அந்த மாடியில் தன் வாயால் சொன்னது அவளுக்கு மறந்துவிட்டது. மிச்சம் இருந்த பாதி முகத்தையும் அந்தப் படம் தின்றுகொண்டிருந்தது. நான் கேட்டுக்கொண்டே சட்டைக்குப் பொத்தான் தைத்தேன்.

அந்தத் தழும்பு ஒருநாள் என் பஸ்ஸில் ஏறியது.

லால்குடியிலிருந்து கிளம்புகிற காலை நடையில் ஒரு பெண் கூடையோடு ஏறினாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும், நாற்பது மாதிரி இருந்தாள். டிக்கெட் கிழிக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன கண்டக்டரே, டிக்கெட்டு என் மூஞ்சியிலயா எழுதியிருக்கு?" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

பத்துப் பதினைந்து நாள் அவள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். டவுனில் ஒரு ஓட்டலுக்கு மாவாட்டப் போகிறாள் என்று தெரிந்தது. சும்மா இருந்திருக்கலாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் கூட்டம் குறைந்ததும் கேட்டுவிட்டேன்.

"நீங்க எப்பவாவது ஸ்டுடியோவுக்குப் போயி, ரோஜாப் பூ வச்சுகிட்டு போட்டோ எடுத்திருக்கீங்களா?"

அவள் கூடையை மடியிலிருந்து கீழே இறக்கினாள். "உமக்கு எப்படித் தெரியும்?"

"அதைப் பார்த்து வரைஞ்ச படம் எங்க வீட்டுல இருக்கு."

"நெசமாவா? எரிச்சிட்டேன்னுல்ல சொன்னான் எம்புருஷன்." கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நல்லா இருக்கா? நான் நல்லா இருக்கேனா அதுல?"

"மகாலட்சுமி மாதிரி இருக்கீங்க."

"ஒரு தடவை பார்க்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று சந்துக்கு வழி சொன்னேன். நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் பட்டது. ஞாயிறு காலை, கண்ணாடி துடைக்கிறேன் என்று மாலையைக் கழற்றிவிடலாம். யாரோ தெரிந்தவர் படம் பார்க்க வந்திருக்கிறார் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடலாம். கண்டக்டர் மூளை. ட்யூட்டி சார்ட்டில் ஞாயிறு லீவு, அது மட்டும்தான் தெரியும். அந்த ஞாயிறு என்ன திதி என்று பஞ்சாங்கத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை கண் விழித்தபோது வடை வாசனை. உங்கள் பெரியம்மாவின் திதி. வழக்கத்தைவிடப் பெரிய மாலை, முழுக் கண்ணாடிக்கும் சந்தனம். படத்துக்கு முன்னால் மஞ்சள் தடவிய புதுப் புடவை, தலைவாழை இலை. ஊதுபத்திப் புகையில் அந்த முகம் மங்கித் தெரிந்தது.

"பொட்டு வச்ச பொம்பளை ஒருத்தி வேணுமே. பக்கத்து அம்மா ஊருக்குப் போயிட்டாங்க," என்று உங்கள் அம்மா தவித்துக்கொண்டிருந்தாள். "நீங்க போயி யாரையாவது பார்த்துக் கூட்டிட்டு வாங்க."

அவளை வாசலிலேயே மடக்கிவிடலாம் என்று செருப்பைத் தேடினேன். அதற்குள் நிலைப்படியில் நிழல் விழுந்தது. அவள்தான். தலை குளித்து, பூ வைத்து, கழுத்தில் தாலி தெரிய நின்றாள். பின்னால் வெயில், உள்ளே இருட்டு, உங்கள் அம்மாவுக்கு முகம் தெரியவில்லை. தாலிதான் தெரிந்தது.

"வாங்க, வாங்க! சாமியே அனுப்புன மாதிரி வந்தீங்க," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படத்துக்கு எதிரே மணையில் உட்கார வைத்தாள்.

விளக்கு வெளிச்சம் இருவர் முகத்திலும் விழுந்தது. உங்கள் அம்மா அவளைப் பார்த்தாள். "அக்கா" என்று உதடு அசைந்தது.

அந்தப் பெண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையைப் பார்த்தாள். குங்குமத்தைப் பார்த்தாள். கீழே இலையைப் பார்த்தாள்.

"கண்டக்டரே," என்றாள் திரும்பாமல். "நான் எப்பச் செத்தேன்?"

நான் சுவரோடு சுவராக நின்று உளறிக் கொட்டினேன். படம் யாருடையது, எப்படி வந்தது, அவள் ஓட்டலில் மாவாட்டுகிறாள் என்பது வரைக்கும் எல்லாம். ஓவியர் மாலை வேண்டாம் என்றதை மட்டும் அப்போதும் விழுங்கிவிட்டேன்.

"மாலையைக் கழட்டச் சொல்லுங்க," என்றாள் அவள்.

"படையல் முடியாம கழட்டக் கூடாது," என்றாள் உங்கள் அம்மா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இது எங்க அக்கா."

"உங்கக்காவா? இந்தத் தழும்பு என்னுதும்மா. சொம்பால அடிச்சான் எம்புருஷன். கல்யாணமாகி நாலாம் நாளு."

"கெணத்தடியில விழுந்தது அது. என்னைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு விழுந்தா."

"குத்துக்கல்லு மாதிரி எதுத்தாப்பல உக்காந்திருக்கேன், என்னை வச்சுகிட்டே கதை சொல்றியே!"

"இருந்து?" என்றாள் உங்கள் அம்மா. "நீ இருந்து யாருக்கு என்ன? கட்டுனவனே வேண்டாம்னு விட்ட மூஞ்சிதானே. நான் பூ போட்டுக் கும்பிட்டேன். உனக்கு யாரு செஞ்சா?"

என் பிள்ளைகளே, உங்கள் அம்மா பிச்சைக்காரியைக்கூட 'வாங்க' என்று சொல்கிறவள். அவள் வாயில் அந்தப் பேச்சு வந்தது. அதை வரவழைத்தவன் நான்.

அந்தப் பெண் அழவில்லை. கத்தவில்லை. இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வச்ச சோறுதானே. போடு," என்றாள்.

உங்கள் அம்மா போடவில்லை. நான் போட்டேன். பாயசம் இலைக்கு வெளியே ஓடியது. அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். வடையைப் பிட்டுப் பிட்டு, ரசத்துக்குக் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கி, மோர் வரைக்கும் சாப்பிட்டாள். இடையில் நிமிர்ந்து படத்தைப் பார்த்து, "புடவைகூட என்னுது இல்ல. நான் கட்டியிருந்தது அரக்குக் கலர்," என்றாள்.

கை கழுவிவிட்டு வந்தாள். படையல் புடவையை எடுத்துக் கக்கத்தில் வைத்தாள். படத்துக்கு நேராகப் போய், கண்ணாடியில் இருந்த குங்குமத்தைக் கட்டை விரலால் அழுத்தித் துடைத்து, அந்த விரலைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். மாலையைத் தொடவில்லை.

"வச்சுக்க," என்றாள் உங்கள் அம்மாவிடம். "நான் பார்த்தாச்சு."

சந்து திரும்புகிற வரைக்கும் நான் வாசலில் நின்றேன். உள்ளே வந்தபோது ஆணி மட்டும் இருந்தது. படம் பரணில், சுவரைப் பார்த்து. உங்கள் அம்மா விளக்குக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தழும்பு இல்லாம நெனைச்சுப் பார்க்கிறேங்க," என்றாள் கடைசியில். "வரவே மாட்டேங்குது. மாவாட்டுறவதான் வர்றா."

அதற்குப் பிறகு நான் ஒரு படக்கடையும் ஏறியதில்லை. அந்தக் கொள்ளிடப் பாலத்தைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

அவள் பிறகும் என் பஸ்ஸில்தான் வந்தாள். அந்த நேரத்துக்கு வேறு பஸ் கிடையாது. கையை நீட்டுவாள், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பேன். பேச்சு கிடையாது. பெரியவன் வயிற்றில் இருந்தபோது, லால்குடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்த உங்கள் அம்மாவை ஒருநாள் காலையில் அதே பஸ்ஸில் அழைத்து வந்தேன். லேடீஸ் சீட்டில் அந்தப் பெண்ணுக்கு எதிரே இவளுக்கு இடம் கிடைத்தது. நான் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டே பார்த்தேன். உங்கள் அம்மா கண் கொட்டாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளை பார்க்கிற மாதிரி. கோபம் துளிகூட இல்லை. சிரிப்பு வந்துவிடுமோ என்கிற மாதிரி உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டாள். டவுன் வருகிற வரைக்கும் விலக்கவே இல்லை.